தாங்கி அல்ல ஐயா, குளம்

பணிப்பாளர் அவர்கட்கும் பவளவிழாக் குழுவினருக்கும்,

உங்கள் பவளவிழா ஆவணப்படத்தின் முன்னோட்டம் போன கிழமை என் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. ஒரு நிமிடம் நாற்பது செக்கன். ட்ரோன் குளக்கட்டுக்கு மேலே எழும்ப, வானொலிக் குரல் ஒன்று கம்பீரமாகத் தொடங்குகிறது: “கிழக்கு மண்ணின் உயிர்நாடியாம் இந்தப் பழம்பெரும் தாங்கி...”

தாங்கி! வீட்டுக்குப் பின்னால் கொங்கிறீட் தூணுக்கு மேலே கறுப்பாக ஒரு தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கிறதே, அதற்குத்தான் இந்தப் பக்கம் தாங்கி என்று பெயர். ஆங்கில வசனத்தில் என்ன சொல் இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. மொழிபெயர்த்தவர் குளத்தைப் பார்க்கவில்லை, அகராதியைப் பார்த்திருக்கிறார். அதோடும் நிற்கவில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் குளம் நிறைந்து வான் பாய்ந்த காட்சி ஒன்று வருகிறது. அதற்கு அந்தக் குரல் “தாங்கி சிந்தியது” என்கிறது, தேத்தண்ணி சிந்துகிற மாதிரி. எங்கள் சந்தையடியில் மூன்று நாளாக இதுதான் பகிடி. கடையில் கிளாஸ் நிறைந்து வழிந்தால், “டேய், தாங்கி சிந்துது” என்கிறார்கள் பொடியன்கள்.

சிரித்து ஓய்ந்த பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது. எழுபத்தைந்து வருடம் இந்த மண்ணில் வேலை செய்த ஒரு திணைக்களத்தின் படம், இந்த மண்ணில் ஒருவருக்கும் போட்டுக் காட்டாமல் வெளியே வந்திருக்கிறது. காட்டியிருந்தால் ஆண்டு ஏழு படிக்கிற பிள்ளை திருத்தித் தந்திருக்கும்.

திணைக்களத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயர் போட்டால் முதலில் அடிபடப் போகிறவர் நீங்கள் இல்லை, குளத்தின் மதகைத் திறந்து அடைக்கிற துருசுக்காரர். அவருக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருடம் கிடக்கிறது.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் சடங்கு, கூத்து அரங்கேற்றம் என்று 2002இலிருந்து கமெரா தூக்குகிறேன். அப்பா உங்கள் திணைக்களத்தில் வாய்க்கால் கூலியாகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். நான் சைக்கிள் பழகியதே குளக்கட்டில்தான். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து வந்த உங்கள் படக்குழு இங்கே நின்ற மூன்று நாளும் அவர்களுக்கு ஸ்டாண்ட் தூக்கியவன் நான். ‘உள்ளூர் உதவியாளர்’ என்று நாட்கூலி தந்தார்கள், வாங்கினேன். ஆகவே இந்த மடலில் இருப்பதில் பெரும்பாலானவை பக்கத்தில் நின்று கண்டவை.

வேலை கிடைக்காத எரிச்சலில் எழுதுகிறான் என்று உங்களில் யாராவது நினைக்கலாம். எரிச்சல் இருக்கிறது, மறைக்கவில்லை. விலைமனுக் கோரிய அறிவித்தலைத் தமிழ்ப் பத்திரிகை எதிலும் நான் காணவில்லை. என் கண்ணில்தான் படவில்லையோ என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆர்.டி.ஐ. 01 படிவம் நிரப்பிக் கேட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பதினான்கு வேலை நாளுக்குள் முடிவைச் சொல்லச் சொல்கிறது. எனக்குப் பதில் வர இரண்டு மாதம் பிடித்தது. வந்த பதில் ஆங்கிலத்தில் இருந்தது. அதிலும் சிங்களப் பத்திரிகை ஒன்றின் பெயர், ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் பெயர், அவ்வளவுதான். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அடுத்த வருடம் பதினாறாம் திருத்தம், வடக்கு கிழக்கில் நிருவாக மொழியே தமிழ் என்று எழுதி வைத்தது. கிழக்கில் எடுக்கிற படத்துக்குக் கிழக்கின் நிருவாக மொழியில் நாலு வரி விளம்பரம் போட உங்களுக்குத் தோன்றவில்லை.

நிபந்தனைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மூன்று வருடத்துக் கணக்காய்வு செய்த கணக்கு, அரச நிறுவனங்களுக்குச் செய்த ஐந்து படம் என்று இருந்தது. கல்யாணவீட்டு வீடியோக்காரனுக்கு எங்கே கணக்காய்வாளர்? செலவுத் தொகையையும் அந்தப் பதிலில் சொல்லியிருந்தீர்கள். அதை இங்கே எழுதினால் எல்லாரும் காசைப் பற்றியே கதைப்பார்கள், ஆகவே விடுகிறேன். அந்தத் தொகைக்கு நாங்கள் ஐந்து படம் எடுத்துக் கொடுத்திருப்போம் என்று பீற்றவும் மாட்டேன். ஒரே படத்தை ஒரு வருடம் எடுத்திருப்போம்.

இனிக் குளக்கட்டுக்கு வருகிறேன்.

அது பெப்ரவரி மாதம். பெரும்போக வேளாண்மை, வாய்க்காலின் கடைசிப் பக்க வயல்களான கீழ்க்கண்டத்தில் வெட்டுக்கு நிற்கிறது. துருசு அடைத்து மூன்று கிழமைக்கு மேல். வயல் காய வேண்டும், காய்ந்தால்தான் வெட்டு மெசின் இறங்கும். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துருசு திறக்கிற திகதியையும் அடைக்கிற திகதியையும் போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதுவதே உங்கள் அலுவலர்களும், வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானைமாரும், விவசாயிகளும் சேர்ந்துதான்.

நெறியாளர் முப்பது வயது மதிக்கத்தக்க நல்ல பொடியன். மரியாதை தெரிந்தவர், மத்தியானம் எங்களோடு இருந்து மீன் குழம்பும் சோறும் கையால் சாப்பிட்டார். அவரில் எனக்குக் குறை இல்லை. காலை வெளிச்சத்தில் துருசு வாயிலிருந்து தண்ணீர் பாய்வதை மேலே இருந்து எடுக்க வேண்டும் என்றார். கையிலிருந்த தாளில் அந்தக் காட்சிக்கு ஏற்கெனவே இலக்கம் போட்டிருந்தது. தாள் கொழும்பில் எழுதப்பட்டது. துருசுக்காரர் மாட்டேன் என்று தலையாட்டினார். அவர்களோடு கதைக்க மொழி இல்லாததால் என்னைப் பார்த்துச் சொன்னார்: “இப்பத் துறந்தா கீழ்க்கண்டத்துல வெட்டுக்கு நிக்கிற வெள்ளாம என்னத்துக்காகும்?”

நான் சாரதியைப் பார்த்தேன். சாரதி அக்கரைப்பற்று நானா ஒருவர். வந்த குழுவில் தமிழும் சிங்களமும் சரளமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வாகனம் ஓட்ட வந்த மனிசன் மூன்று நாளும் மொழிபெயர்ப்பாளராகவும் நின்றார். அதற்கு யாரும் தனியாக ஒரு சதம் கொடுத்ததை நான் காணவில்லை. அவர் விளக்கமாக எடுத்துச் சொன்னார். நெறியாளர் கேட்டுக்கொண்டார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் யாருக்கோ ஒரு அழைப்பு எடுத்தார். பத்து நிமிடத்தில் துருசுக்காரரின் கைபேசி அடித்தது. “சரி சேர்” என்று இரண்டு தரம் சொன்னார். வேறொன்றும் பேசவில்லை.

கொட்டிலுக்குள் போய்ச் சாவியை எடுத்து வந்தார். கை நீளத்துக்கு ஓர் இரும்பு, பிடியில் பழைய சாரத்துண்டு சுற்றியிருக்கும். திருகுத் தண்டில் கிறீஸ் காய்ந்து மணல் ஒட்டிக் கிடந்தது. அதை உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் துடைத்தார். பிறகு ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டு திருகினார். எண்ணாமல் அவர் துருசு திறந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. எத்தனை சுற்றுக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்பது அவர் கைக்குத் தெரியும். பன்னிரண்டில் நிறுத்தினார். இன்னும், இன்னும் என்று கைகாட்டினார்கள். படத்தில் நுரை தெரிய வேண்டுமாம்.

ஐந்து நிமிட வேலை என்றுதான் சொன்னார்கள். முதல் தரம் வெளிச்சம் சரிவரவில்லை. இரண்டாம் தரம் மாடு ஒன்று குறுக்கே வந்துவிட்டது, துரத்தினார்கள். (மாட்டை விட்டிருந்தால் அந்த முன்னோட்டத்தில் ஒரு காட்சியாவது எங்கள் ஊர் மாதிரி இருந்திருக்கும்.) பிறகு ட்ரோனுக்குப் பற்றரி மாற்றினார்கள். எல்லாமாக ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத் தண்ணீர் ஓடியது. முன்னோட்டத்தில் அது நாலு செக்கன் வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது.

அன்றிரவு துருசுக்காரர் மண்வெட்டி, டோர்ச், யானைவெடி இரண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு வாய்க்கால் வழியே தனியாகப் போய், தண்ணீரை மறித்து வடிச்சலுக்குத் திருப்பிவிட்டார். மேட்டு வயல்கள் தப்பின. கடைசியில் இருந்த பள்ளக் காணி ஒன்று தப்பவில்லை. வெட்டு மெசின் இறங்க முடியாமல் வீதியில் நின்றது, பிறகு வேறு வட்டைக்குப் போய்விட்டது. அது திரும்பி வருவதற்குள் மழையும் ஒரு தரம் பெய்து கதிர் சாய்ந்துவிட்டது. அந்தக் காணிக்காரர் யாரை ஏசினார் என்று நினைக்கிறீர்கள்? “உன்ட கையாலதானே துறந்த நீ?” என்று துருசுக்காரரின் வளவு வாசலில் நின்று கேட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துருசுப் பதிவுப் புத்தகத்தில் அந்தத் திகதிக்கு நேரே எதுவுமே எழுதப்படவில்லை. நான் பார்த்தேன்.

அன்று கட்டில் நின்று நானும் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் கூலி வர இருந்தது. இதை எழுத இவ்வளவு நாள் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் நாள், ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். எண்பது தாண்டியவர். 1957 டிசம்பர் வெள்ளத்தைப் பள்ளிக்கூடப் பொடியனாகக் கண்டவர். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது கடமையில் நின்றவர். விடியப் பார்த்தால் தென்னையெல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்துக் கிடந்ததையும், அலுவலகக் கூரைத் தகரத்தை எங்கோ ஒரு வயலுக்குள் போய்ப் பொறுக்கியதையும் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அதைவிடப் பெரிய கதைகள் பிறகு போர்க்காலத்தில் வந்தவை. 2007 வரைக்கும் பட்டிருப்புப் பாலத்துக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒரு நிருவாகம், மேற்கே படுவான்கரையில் இன்னொரு நிருவாகம். ஒரு மூட்டை சீமெந்து வாவியைக் கடக்க எத்தனை கையெழுத்து, சம்பளப் பட்டியலோடு சாவடியில் எத்தனை மணிநேரம், துருசு திறக்கிற திகதியை இரண்டு பக்கத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டுத் திறந்த போகங்கள் எத்தனை, எல்லாம் அவரிடம் இருக்கிறது. அவ்வளவுக்கும் நடுவில் அந்தக் குளத்தில் எந்தப் போகத்துக்கும் தண்ணீர் நிற்கவில்லை என்பார். உங்கள் திணைக்களத்தைப் பற்றி இதைவிடப் பெருமையாக யாரும் ஒரு வசனம் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

வெள்ளை வேட்டி உடுத்து, பழைய படங்கள் ஒட்டிய அல்பத்தைத் துடைத்து மேசையில் வைத்து, காலை ஏழு மணிக்கே வந்து குந்தியிருந்தார். குழு போய்ச் சேர்ந்தது பதினொன்றுக்கு. இருபது நிமிடம் நின்றார்கள். அதில் பாதி, அவருக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைக் கழற்றவும் ஜன்னல் சீலையை மாற்றவும் போனது. ஒரே ஒரு கேள்வி: திணைக்களத்தில் வேலை செய்த அனுபவம் எப்படி? அவர் சூறாவளியிலிருந்து தொடங்கினார். நானா முதல் இரண்டு வசனத்தைச் சிங்களத்தில் சொன்னார். நெறியாளர் கையுயர்த்தி நிறுத்தி, சுருக்கமாக, ஒரே வசனத்தில், சிரித்த முகத்தோடு என்று கேட்டார். ஐந்து தரம் எடுத்தார்கள். ஐந்தாம் தரம் ஐயா சொன்னது: “எனது சேவைக்காலம் மகிழ்ச்சியாக இருந்தது.”

அல்பத்தை யாரும் திறக்கவில்லை. குழு வாகனத்தில் ஏறிய பிறகு என் தோளைத் தொட்டு, “அவ்வளவுதானா மனெ?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

முன்னோட்டத்தில் அந்த மகிழ்ச்சி வசனம் வருகிறது. போர்க்காலமும் வருகிறது, ‘சவால்மிக்க காலப்பகுதி’ என்ற இரண்டு சொல்லில்.

வெளியூர்க்காரர் வந்ததுதான் என் பிரச்சினை என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். சிங்களவர் வந்தார் என்பதும் இல்லை. கொழும்புத் தமிழர் வந்திருந்தாலும் மூன்று நாள் மூன்று நாள்தான். இந்த நாட்டில் ஒரு பொது நிறுவனம் வெளியாளைக் கூப்பிட்டுப் படம் எடுப்பது புதிய சங்கதியும் இல்லை. 1934இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் காசில் பசில் ரைட் என்ற ஆங்கிலேயர் வந்து எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ படத்தை உலகம் இன்றைக்கும் பார்க்கிறது. அந்தப் படத்தின் குரல் யாருடையது? கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட். வந்தவர் இந்த ஊர் ஆள் ஒருவரின் குரலைத் தேடி எடுத்தார். அதிலும் தேயிலை பறிக்கிறவர்கள் படத்தில் வருகிறார்களே தவிர வாய் திறப்பதில்லை, அந்தக் குறை எனக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் தொண்ணூறு வருடத்துக்கு முன்னர் ஒரு வெள்ளைக்காரருக்குத் தெரிந்த அளவுகூட உங்கள் ஒப்பந்தத்தை எழுதியவருக்குத் தெரியவில்லையே.

சுதந்திரத்தோடு, 1948இல், அரச திரைப்படப் பிரிவு தொடங்கியபோது அதை நடத்த இத்தாலியிலிருந்து ஆள் வந்தார். பிறகு ரால்ஃப் கீன் என்ற ஆங்கிலேயர் வந்தார். அவரிடம் உதவியாளராக வேலை செய்த லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் அங்கிருந்து வெளியேறி 1956இல் ‘ரேகாவ’ எடுத்தார். வந்தவர்கள் வேலையைக் காட்டிக் கொடுத்துவிட்டும் போனார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மூன்று நாள் ஸ்டாண்ட் தூக்கிய நான் பழகியது, அந்த ஸ்டாண்டின் காலை எப்படிப் பூட்டுவது என்பது. அது எனக்கு முன்னமே தெரியும்.

1949இல் கல்லோயாவில் அணை கட்ட அமெரிக்காவிலிருந்து மொறிசன்–நுட்சன் கம்பனி வந்தது. சரி, அப்படியொரு இயந்திரமும் அனுபவமும் அன்று இங்கே இல்லை, வந்தார்கள். இன்று கமெரா அப்படியா? வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை ட்ரோன் பறக்காமல் ஒரு பெரிய கல்யாணம் நடக்கிறதா? கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். ஆண்டுதோறும் பிள்ளைகள் படித்துவிட்டு வெளியே வந்து, வேலை இல்லாமல் என் ஸ்டூடியோ வாசலிலும் வந்து நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது அந்த வாகனத்தில் ஏற்றியிருக்கலாம். ஏற்றியிருந்தால் தாங்கி சிந்தியிருக்காது.

ஒரு குளத்தை மூன்று நாளில் எடுக்க முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. வேறு எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். கல்யாணத்தை ஒரு நாளில் எடுக்கலாம், எடுத்திருக்கிறேன். குளத்துக்கு ஒரு வருடம் வேண்டும். ஆவணி, புரட்டாசியில் குளம் அடி தெரிய வற்றி, கட்டின் கல்லிலே பழைய நீர்மட்டங்கள் வரிவரியாகத் தெரியும். அப்போதுதான் ஆரம்பக் கூட்டம் நடக்கும், கூட்டத்தில் மேல்கண்டத்துக்காரரும் கீழ்க்கண்டத்துக்காரரும் தண்ணீருக்காகக் கத்துவார்கள். அந்தக் கத்தலில் தமிழும் இருக்கும், முஸ்லிம் ஊர்களின் தமிழும் இருக்கும், அம்பாறைப் பக்கம் போனால் சிங்களமும் இருக்கும். அதைவிட நல்ல ஒலிப்பதிவு எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது. பிறகு விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் மழை இறங்கினால் உங்கள் ஆட்கள் இரவிரவாக நீர்மட்டம் பார்த்து மணிக்கொரு தரம் அழைப்பு எடுப்பார்கள். வான் பாய்ந்தால் சனம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பார்க்க வரும், சோளம் அவித்து விற்பார்கள். துருசு அடைக்கிற நாள் ஒன்று உண்டு, அன்று வாய்க்காலில் மிஞ்சிய தண்ணீரில் பொடியன்கள் மீன் பிடிப்பார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு. மழைக்கும் குளத்துக்கும் அம்மனுக்கும் இங்கே உள்ள உறவைக் கேட்டால் எங்கள் பெரியம்மாமார் விடியும் வரை சொல்வார்கள். இவை ஒன்றும் உங்கள் முன்னோட்டத்தில் இல்லை. வருடத்தில் குளம் மிகவும் சும்மா கிடக்கிற மூன்று நாளைத் தேர்ந்தெடுத்து வந்து, அதை வேலை செய்கிற மாதிரி நடிக்க வைத்திருக்கிறார்கள்.

விழா நெருங்குகிறது என்று அறிகிறேன். அதற்கு முன்னர் நீங்கள் செய்ய வேண்டியவை என்று நான் கேட்பது இவை.

முதலாவதாக, அந்தப் பள்ளக் காணி. பெப்ரவரியில் துருசு திறக்கப்பட்டது படப்பிடிப்புக்காக, மேலிடத்துச் சொல்லுக்கு என்று பதிவுப் புத்தகத்தில் எழுதி ஒப்பம் வையுங்கள். அதன் பிரதி ஒன்றைக் காணிக்காரருக்கும் துருசுக்காரருக்கும் கொடுங்கள். நட்டத்தைக் கமநல சேவை நிலையத்தின் மூலம் மதிப்பிட்டு, படத்துக்கு ஒதுக்கிய காசிலிருந்தே கொடுங்கள். படத்தில் என்ன திருத்தினாலும் இதைச் செய்யாவிட்டால் எனக்கு மற்றது எதுவும் வேண்டாம்.

தமிழ்க் குரலை முழுமையாக மாற்றுங்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நல்ல அறிவிப்பாளர்களுக்கும் எழுதத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சம் இல்லை. எழுதிய வசனத்தை உங்கள் துருசுக்காரர் ஒருவருக்கும் வட்டவிதானை ஒருவருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். அதற்கு நேரம் போதாதென்றால் விழாவில் தமிழ்ப் பிரதியைத் திரையிட வேண்டாம், பிறகு போடலாம். அவசரப்பட்டுப் போட்டால் மண்டபத்தில் முதல் நிமிடத்திலேயே சிரிப்பார்கள், அதைப் பார்க்க எனக்கும் விருப்பமில்லை. அப்பா முன்வரிசையில் இருப்பார்.

மூன்று நாளும் எடுத்த முழுப் பதிவுகளும் பொதுக் காசில் எடுத்தவை. அவற்றின் பிரதி ஒன்று கொழும்பு நிறுவனத்தின் அலுமாரியோடு நிற்காமல் இங்குள்ள பல்கலைக்கழக நூலகம் ஒன்றுக்கு வர வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படி எழுதாவிட்டால் இப்போதாவது கேளுங்கள்.

அடுத்த தடவை, அது எந்த விழாவாக இருந்தாலும், விலைமனு அறிவித்தலைத் தமிழிலும் போடுங்கள். மாவட்டச் செயலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் ஒட்டுங்கள். சிறிய ஸ்டூடியோக்கள் இரண்டு மூன்று சேர்ந்து விண்ணப்பிக்க இடம் விடுங்கள். வெளியிலிருந்து நெறியாளர் வரட்டும், நல்லவர்களாக வரட்டும். ஆனால் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் இருவருக்காவது சம்பளத்தோடு பொறுப்பான வேலை கொடுக்க வேண்டும், ஒரு போகமாவது தங்கி எடுக்க வேண்டும், இரண்டு மொழியும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும் என்று நிபந்தனையில் எழுதுங்கள். அந்த நானாவின் மூன்று நாள் மொழிபெயர்ப்புக் கூலியையும் யாராவது ஞாபகமாகக் கொடுங்கள்.

கடைசியாக, ஓவசியர் ஐயா. அவரைப் போல எண்பதைத் தொட்டவர்கள் உங்கள் ஓய்வூதியப் பட்டியலில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், அவர்கள் சொல்லி முடிக்கும் வரை பதிவு செய்யுங்கள். கமெரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒலி மட்டும் போதும். யாரை அனுப்புவது என்று தெரியாவிட்டால் நான் போகிறேன். காசு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அப்படிச் சொன்னால் எனக்குப் பின்னால் வருகிற பொடியனும் இலவசமாகச் செய்ய வேண்டி வரும். நியாயமான கூலி போதும்.

பதினான்கு வேலை நாளுக்குள் பதில் வேண்டும், தமிழில். ஓவசியர் ஐயாவின் வீட்டுக்கு யார், என்றைக்குப் போவது என்ற திகதியை மட்டும் அதற்கு முன்னரே சொல்லிவிடுங்கள். போகிறவர்கள் காலையிலேயே போகட்டும். காலண்டரைக் கழற்ற வேண்டாம். அல்பத்தை முதல் பக்கத்திலிருந்து திறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்று நாள் உங்கள் ‘உள்ளூர் உதவியாளர்’,
களுவாஞ்சிக்குடி